கண்ணாடியில் எழுதிய பெயர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் அட்டையைத் திருப்பிப் பார்த்துப் பெயர் எங்கே என்று தேடியிருப்பீர்கள். அச்சகத்தார் விட்டுவிடவில்லை. அப்பாவின் பெயர் வேண்டாம் என்று சொன்னது நாங்கள்தான். காரணம் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டு வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரறிந்த கதைதான், ஆனால் ஊர் அறிந்தது பாதி.

அப்பா பிறந்தது அகஸ்தீஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரு பனைவிளையில். தாத்தா பனையேறி. அப்பாவுக்கு மீசை அரும்பும் முன்பே தாத்தா காலமாகிவிட்டார். கருப்பட்டியைத் தலையில் சுமந்துகொண்டு அப்பாவும், அவர் பின்னாலேயே தம்பியான எங்கள் சித்தப்பாவும் கோட்டாறு சந்தைக்கு நடந்திருக்கிறார்கள். அந்த நாளில் அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏலே' என்றால் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். பிறகு இருவருமாகக் கோட்டாற்றிலேயே கடை போட்டார்கள். களியக்காவிளை வரைக்கும் சரக்கு போயிற்று. ஒரு வெளியூர் வியாபாரி முதன்முதலாக முழுப்பெயரும் சொல்லி மரியாதையாக விசாரித்த அன்று, அப்பா சாப்பிடவே மறந்துவிட்டாராம். பெயருக்கான அந்தப் பசியை நான் குறை சொல்ல மாட்டேன்.

சுதந்திரம் வந்த வருஷம் நாங்கள் கும்பிடும் இடமான எங்கள் ஊர் நிழல் தாங்கலைப் புதுப்பித்தார்கள். அய்யா வழியில் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாங்கலின் கருவறையான பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். தலைப்பாகை கட்டி, நாமமிட்டு முன்னால் நின்றால் நம் உருவம் தெரியும். கும்பிடுகிறவனுக்குள்ளேதான் அய்யா இருக்கிறார், 'நான்' என்று தனியாக ஒருத்தன் இல்லை என்று விளங்கிக்கொள்வதற்காக வைத்தது. அந்தக் கண்ணாடியை அப்பாவும் சித்தப்பாவும் கடையின் பேரில் வாங்கிக் கொடுத்தார்கள். வைக்கோல் சுற்றி, மாட்டுவண்டியில் மடியில் தாங்கி, உடையாமல் ஊர் கொண்டு சேர்த்தவர் சித்தப்பா. அப்பா செய்தது என்னவென்றால், பெயிண்டரைக் கூப்பிட்டுக் கண்ணாடியின் மேலேயே 'உபயம்' என்று போட்டுத் தன் பெயரைச் சிவப்பில் எழுதவைத்தார். சுற்றியுள்ள மரச்சட்டத்தில் எழுதலாமே என்று பெயிண்டர் கேட்டதற்கு, சட்டத்தை எவன் பார்ப்பான் என்றாராம்.

அப்பா குள்ளம். அவர் நின்று பார்த்தால் எழுத்து தலைக்கு மேலே குடை பிடித்ததுபோல நிற்கும். பார்க்க அழகாகவே இருந்தது அவருக்கு.

சித்தப்பா அதன்பிறகு தாங்கலுக்குள் வருவதை நிறுத்திவிட்டார். வாசலிலேயே கும்பிட்டுவிட்டுப் போவார். பொறாமை என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். ஒரே கடையில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கருப்பட்டி நிறுத்தார்கள். பிறந்ததிலிருந்து பிரியாத இரண்டு பேர் பிரிந்துவிடுவார்கள் என்று அம்மா பயந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பொறுக்கமாட்டாமல் தாங்கல் வாசலில், ஆட்கள் முன்னால், தம்பியை மறித்து என்ன கேடு உனக்கு என்று கேட்டார்.

சித்தப்பா நெட்டை. குனிந்துதான் பதில் சொன்னார். "உள்ள போய் நின்னா, நாமம் இட்ட எடத்துல அண்ணனுக்க பேருல்லா இருக்கு. நான் ஆரைக் கும்பிட?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்பா அதை நம்பவில்லை. மத்தியானம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு முக்காலியைத் தூக்கிப் போய்க் கண்ணாடி முன்னால் போட்டு ஏறி நின்றார். தம்பியின் உயரம் வந்தது. நெற்றியில் நாமத்தின் மேலே குறுக்காக, சிவப்பாக, அவர் பெயர். ஊரில் உயரமான ஆண்கள் அத்தனை பேரும் அதைச் சுமந்துகொண்டுதான் இத்தனை நாளும் கும்பிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என் நெற்றியைத் தடவி 'உபயம்' என்று சொல்லிச் சிரித்தது ஏன் என்று எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. இறங்கிய அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பாராமல் வீட்டுக்கு நடந்தாராம்.

மறுநாள் மண்ணெண்ணெயும் பிளேடுமாக அவரே சுரண்டினார். சிவப்பு போயிற்று, கீறல் நின்றுவிட்டது. விளக்கு ஏற்றினால் எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சித்தப்பா தானாகவே உள்ளே வந்து கும்பிட்டார். வேறு கண்ணாடி வாங்கலாம் என்று அப்பா சொன்னபோது, இதுவே கிடக்கட்டும் என்றார்.

ஊர் அறிந்தது இதுவரைக்கும்தான். மீதியை வீட்டில் நாங்கள் பார்த்தோம். ஒரு கல்யாணத்தில் முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். பந்தல் கால் வரை போனவர் நெற்றியைத் தடவிக்கொண்டு திரும்பி வந்து, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். "வயித்துக்கா கோவம், பேருக்கா கோவம்னு பாத்தேன். வயிறு சும்மாத்தான் இருக்கு" என்றார். கடையில் கோபம் வந்தாலும் அதே கேள்விதான். பாதி நாள் கேள்வி வருவதற்குள் ஏச்சு வந்துவிடும். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெயரைச் சுரண்டிய கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டார். சுரண்டினவன் நானாக்கும் என்று சொல்லவல்லவா வாய் இவ்வளவு அலைகிறது என்று அம்மாவிடம் சொல்லி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு அந்தக் கதையை எடுத்ததே இல்லை. அகந்தை செத்தது என்று நினைத்தால் அது கொல்லைப்புறமாக வந்து நிற்கும் என்பதை அப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசி மாதங்களில் உடம்பில் நீர் கோத்துக் கால் வீங்கி நடக்க முடியாமல் போயிற்று. கண்ணும் மங்கிவிட்டது. தாங்கலுக்குப் போக வேண்டும் என்றார். வண்டியில் வைக்கோல் பரப்பி, சித்தப்பா அவரை மடியில் தாங்கிக்கொண்டு போனார். கண்ணாடி முன்னால் தன் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபோது இரண்டு முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. விளக்கு எரிந்தது.

"ஏலே, பேரு தெரியுதா?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணும் இல்ல அண்ணே. சுத்தமா இருக்கு" என்றார் சித்தப்பா.

பின்னால் நின்ற எனக்குக் கீறல் நன்றாகத் தெரிந்தது, இரண்டு நெற்றியின் மேலும்.

அதனால்தான் அட்டையில் பெயர் இல்லை. மருந்து அரைத்துக் கொடுத்த வைத்தியருக்கும், கால் பிடித்துவிட்ட அத்தைமாருக்கும், வண்டி கட்டிய அண்ணாச்சிக்கும், துக்கத்தில் வந்து நின்ற எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். உங்கள் பெயர்களையும் போடவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரைக்குக் கீழே எழுதியவர் பெயர் போடுவது வழக்கம். அச்சுக்குக் கொடுக்கும் முன் என் பெயரை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோடு போட்டு அடித்தேன்.

மகன்