ஜன்னலில் ஒரு பச்சைச் சால்வை

படகுத்துறையில் அவளுக்குப் பெயர் மைக்கக்கா. ஆற்றுச் சுற்றுலாப் படகின் முன்பக்கம் மைக்கும் கையுமாக அவள் நின்றால் இடிந்த பாலத்துக்கும் உயிர் வரும். பாலம் கட்டப்போனவன் திரும்பாமல், அவன் மனைவி கரையிலேயே காத்துக்கிடந்த கதையைச் சொல்லும்போது, பயணிகளுக்கு முன்னால் அவளே அழுதுவிடுவாள். தினமும் அழுவாள். கணவன் இறந்தபின் டிக்கெட் கிழிக்க வந்தவள் அவள். ஒருநாள் கதை சொல்கிறவர் வராமல் போக, மைக்கைக் கையில் வாங்கினாள். பிறகு கீழே வைக்கவே இல்லை. அந்தக் குரலை வைத்துத்தான் மகளைப் படிக்கவைத்தாள், கட்டிக்கொடுத்தாள்.

அன்று அந்த மகள் ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் கிடந்தாள். இதற்கு முன் இருமுறை கரு தங்காமல் போயிருந்தது. இந்த முறை தங்கியது; ஆனால் ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. "ரெண்டு பேருக்குமே கொஞ்சம் சிரமம்தான், பார்ப்போம்" என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து மைக்கக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் அழுதாள்.

"அம்மா, நீ அழறதப் பாத்தா நான் செத்தே போயிட்ட மாதிரி இருக்கு. போ, போய் படகுல அழு. அங்கயாவது சம்பளம் குடுப்பாங்க" என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஆட்டி விரட்டினாள்.

ஆற்றில் இறங்கிவிட்டால் போனுக்கு சிக்னல் கிடைக்காது. அதனால் மைக்கக்கா தன் பச்சைச் சால்வையை மருமகன் கையில் திணித்தாள். "ரெண்டு உயிரும் நல்லபடியா பொழச்சுக்கிட்டா, இத மாடி ஜன்னல்ல தொங்கவிடுங்க மாப்பிள்ளை. திரும்பி வரும்போது பாத்துக்கறேன்."

படகு ஓட்டுபவன் அவள் சொந்தத் தம்பி. அன்றைய கூட்டத்தில், கழுத்தில் பைனாகுலர் மாட்டிய ஒரு பறவைப் பிரியரும் இருந்தார். கிளம்பியதிலிருந்து அவருக்கு முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏம்மா, நீங்க மைக்க எடுத்தாலே மீன்கொத்தி பறந்துடுதே!"

மற்ற நாளாயிருந்தால் மைக்கக்கா சும்மா விடமாட்டாள். அன்று தம்பிதான் பதில் சொன்னான்: "அதுக்குக் கதை மனப்பாடம் சார். தினம் கேட்டா நீங்களும் பறந்துடுவீங்க."

மணல்திட்டில் வாயைப் பிளந்து கிடந்த கிழட்டு முதலையைக் காட்டி, "இவருதான் எங்க மேனேஜர், ஒரு வேலையும் செய்யமாட்டாரு, எல்லாரையும் முறைப்பாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது. இடிந்த பாலம் வந்தது. கதையைச் சொல்லி முடித்தாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"அக்கா, நீ அழலயா?" தம்பியின் முகம் வெளுத்தது. "நீ அழுதாக்கூட எனக்கு இவ்ளோ பயமா இருக்காது."

திரும்பும் வழியில், மரங்களுக்குப் பின்னாலிருந்து ஆஸ்பத்திரி தலைகாட்டியது.

"அதோ, அந்தக் கட்டடம் ஒரு காலத்துல பஞ்சுக் கிடங்கு. பெருவெள்ளம் வந்தப்ப, அந்த மாடி ஜன்னல்ல விளக்கு மாட்டி வச்சாங்க. விளக்கு தெரிஞ்சா உள்ள இடமிருக்கு, பொழச்சுக்கலாம்னு அர்த்தம். அந்த ஜன்னல்ல..."

ஜன்னல் மூடியிருந்தது. பச்சை எங்குமில்லை.

மைக்கிலிருந்து மூச்சு மட்டும் கேட்டது. தம்பி இன்ஜினை நிறுத்தினான்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பறவைப் பிரியர்.

"என் பொண்ணு அங்கதான் இருக்கா சார். பிரசவம். நல்லபடியா முடிஞ்சா என் பச்சைச் சால்வைய அந்த ஜன்னல்ல தொங்கவிடச் சொன்னேன். தொங்கல சார்."

பறவைப் பிரியர் எழுந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். நீரோட்டம் படகை மெல்லக் கரைப்பக்கம் ஒதுக்கியது.

"ஜன்னல் தொறக்குது. ஒருத்தர் நிக்கறார். ஒல்லி, கலைஞ்ச தலை. பின்னால ஒரு நர்ஸ் சட்டையப் பிடிச்சு இழுத்துத் திட்டறாங்க."

"எங்க மாப்பிள்ளைதான்! கையில என்ன சார்?"

"பச்சையா ஒரு பொட்டலம். இருங்க, அசையுது... சின்னத் தலை, செக்கச்செவேல்னு." அவர் குதிகாலை உயர்த்தி எம்பினார். "வாயத் தொறந்து கத்துதும்மா!"

"அத்தை!" என்ற கூவல் தண்ணீரைத் தாண்டி வந்தது. "குளிருது, துணி குடுங்கன்னு நர்ஸ் கேட்டாங்க! கையில இருந்தது இதுதான்! சுத்திட்டாங்க!"

"அவ? என் பொண்ணு?"

பறவைப் பிரியர் பைனாகுலரைக் கழற்றி அவள் கண்ணருகே பிடித்தார். முதலில் வானம் தெரிந்தது, பிறகு சுவர், பிறகு ஜன்னல். மருமகன் விலகி நின்றான். அவனுக்குப் பின்னால், கட்டிலிலிருந்து ஒரு கை உயர்ந்தது. சோர்ந்த கைதான், ஆனால் காலையில் ஆட்டியது போலவே, 'போ, போ' என்று விரட்டியது.

"விரட்டறாடா!" மைக்கை அணைக்க மறந்து மைக்கக்கா கதறினாள். "என்னை விரட்டறாடா தம்பி! நல்லா இருக்காடா!"

அடக்கிவைத்ததெல்லாம் ஒலிபெருக்கி வழியே ஆறு முழுக்கக் கொட்டியது. தம்பி ஹாரனை நீளமாக அடித்தான். கரையோர மரங்களிலிருந்த கொக்குக் கூட்டம் மொத்தமும் விருட்டென்று கிளம்பிப் பறந்தது.

பறவைப் பிரியர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.