பதினாறு தப்படி

கடைசி மடக்கு நாற்காலியை விரித்து வைத்ததும், சுலெய்டி டீச்சர் அதிலிருந்து எண்ணிக்கொண்டே நடக்கிறார். பதினாறாவது தப்படியில் குடையை ஊன்றி நிற்கிறார். அங்கிருந்து பார்த்தால் பேசுகிறவரின் கையசைவு தெரியும். பேச்சு காதில் விழாது. சனிக்கிழமைதோறும் பிரேசிலில், சாவோ பாவுலோ நகரின் இந்தச் சின்னச் சதுக்கத்தில், மரத்தடியில், இலவசமாக மனப்பகுப்பாய்வு நடக்கிறது. யாரும் வந்து உட்காரலாம். பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

"டீச்சர், நாற்காலிக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா?" என்று சீண்டுவாள், அங்கே வருகிறவர்களின் மனக்குறையை உட்கார்ந்து கேட்கும் மனமருத்துவர் இராசி.

"ஒண்ணு லீவும்மா. கால் உடைஞ்சு போச்சு" என்பார் டீச்சர், கொண்டையில் செருகிய பேனாவை உருவிக்கொண்டே.

உண்மையில் நாற்காலிகளைத்தான் எழுதுகிறார். மனிதர்கள் பேசுவதை எழுதக் கூடாதே! எதிரெதிராகப் போட்ட நாற்காலி அரைமணி நேரத்தில் எவ்வளவு திரும்பியது, அழுகிறவர்கள் எந்த மரத்தைப் பார்த்து அழுகிறார்கள் என்று பதினொரு நோட்டுகள் நிரம்பிவிட்டன. பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நூறாண்டுக்கு முன் வியன்னாவிலும் பெர்லினிலும் ஏழைகளுக்காக நடந்த இலவச மனமருத்துவ நிலையங்களைப் பற்றி எங்கோ படித்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. "பணக்காரன் துக்கத்துக்கு மட்டும் மெத்தை போட்டு வெச்சா எப்படி?" என்பார்.

புத்தகம் முடிந்துவிட்டது, ஓர் அத்தியாயம் தவிர. ராணுவ ஆட்சிக் காலத்தில் இதே பேட்டையில், மாதா கோயிலின் பின்கூடத்தில், செவ்வாய்தோறும் இப்படி ஒரு நிலையம் நடந்தது. போலீசுக்குப் பயந்து மருத்துவர்களே பதிவேட்டைக் கொளுத்திவிட்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு புகைப்படம். கூடத்துப் படியில் நான்கு பேர். அவர்களில் ஓர் இளைஞனுக்கு இடது புருவம் இரண்டாகப் பிளந்திருந்தது.

அந்தப் புருவத்தை இரண்டு வருடத்துக்கு முன் சதுக்கத்தின் ஓரத்திலேயே டீச்சர் கண்டுபிடித்தார். பாஸ்டெல் என்னும் எண்ணெய்ப் பலகாரம் பொரித்து விற்கும் அதாவுத்தோவின் முகத்தில் இருந்தது அது. ஆசை கண்ணை மறைக்க, வாடிக்கையாளர்கள் நடுவிலேயே படத்தை நீட்டிவிட்டார்.

"இது நான் இல்ல" என்றார் அவர். எண்ணெய் சீறியது. டீச்சர் படத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டார். அவர்களாக வாயைத் திறக்கும் வரை யாரையும் எதுவும் கேட்காதே என்பதுதான் அந்த நிலையங்களின் முதல் பாடம். இத்தனை வருடம் படித்தும் அதையே மறந்திருந்தார்!

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு சீஸ் பாஸ்டெல், ஒரு கரும்புச்சாறு. கேள்வி மட்டும் கிடையாது.

"டீச்சர், இதைத் தின்னுட்டு என்னதான் எழுதுறீங்க?"

"நீங்க உப்பைக் குறைச்சிட்டீங்கன்னு எழுதுறேன், அண்ணே."

"அட, என் பொண்டாட்டியே கண்டுபிடிக்கல!"

போன சனிக்கிழமைதான் கடைசி நாள். திங்களன்று புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். டீச்சர் பாஸ்டெல் கேட்கவில்லை. படத்தை எடுத்து அவர் பக்கம் கவிழ்த்து வைத்தார்.

"இதைப் போட வேணாம்னு சொல்லிட்டேன், அண்ணே. அந்த அத்தியாயமும் வராது. வேற பிரதி கிடையாது. உங்ககிட்டயே இருக்கட்டும்."

திரும்பிப் பார்க்காமல் தன் குடையடிக்கு வந்து நின்றார். கண் கரித்தது. ஆனாலும் மனம் இலேசாக இருந்தது.

சற்று நேரத்தில் அடுப்பு அணையும் சத்தம். அதாவுத்தோ முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்தார். இராசியிடம் கேட்டு இரண்டு நாற்காலிகளை வாங்கிக்கொண்டார். ஒன்றை மரத்தைப் பார்க்கப் போட்டார். இன்னொன்றை அதன் பின்னால், சற்றே கோணலாக.

"இங்க போடுற மாதிரி எதிரெதிரா இல்ல டீச்சர், எங்க கூடத்துல. இப்படித்தான். கேக்குறவங்க மூஞ்சியை நாங்க பார்த்ததே கிடையாது. நாளைக்குப் போலீஸ் அடிச்சுக் கேட்டாலும், யாருன்னு சொல்லத் தெரியக் கூடாதுல்ல?"

குரலை உயர்த்தியே பேசினார், குடையடியில் நின்ற டீச்சருக்குக் கேட்கட்டும் என்று.

"என் தம்பியைக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரல. அவன் பேரை வீட்டுல சொன்னா அம்மா அலறுவாங்க, வெளியில சொன்னா ஆபத்து. ஊரிலேயே அந்த ஒரு கூடத்துலதான் நான் அவனைச் சத்தமாக் கூப்பிட்டேன்." முன் நாற்காலியில் அமர்ந்து முதுகைக் காட்டிக்கொண்டார். "எழுதிக்குங்க. என் பேரு வேணாம். அவன் பேரைப் போடுங்க."

டீச்சர் குடையை அங்கேயே புல்லில் போட்டுவிட்டு நடந்து வந்தார். இந்த முறை தப்படியை எண்ணவில்லை. பின் நாற்காலியை அவர் தோளுக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். பேனா கொண்டையிலேயே இருந்தது.