சவளக்கடைக்குக் கொண்டுபோன முதுகுவலி

முதுகுவலிக்குக் கைரோபிராக்டிக் பார்க்கலாமா, போனால் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பெயரே எங்கள் காதில் விழாத எண்பதுகளின் தொடக்கத்தில், கையால் முதுகெலும்பை நேராக்கும் ஒருவரைத் தேடி நானும் என் கணவரும் போனோம். அந்தப் பயணத்தைச் சொன்னால் பதிலும் அதற்குள் வந்துவிடும்.

எங்களுக்கு ஊர் நிந்தவூர். அவர் உழவு மெஷின் ஓட்டுபவர். இரண்டு மாதமாக இடுப்பில் வலி. எண்ணெய் தேய்த்தோம், ஒற்றடம் கொடுத்தோம். காலால், அதாவது தலைக்கு முன் கால் வெளியே வந்து, பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்றார்கள். அப்படிப் பிறந்த, அவருடைய சாச்சியின், அதாவது சின்னம்மாவின், மகன் வந்து மிதித்தான், சோறும் தின்றான், போனான். வலி மட்டும் போகவில்லை. மாரி விதைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. வருடச் சாப்பாடு அந்த உழவில்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தார். சவளக்கடை ஊரில் இருக்கும் பரியாரியார், அதாவது நாட்டு வைத்தியர், ஒரே சொடக்கில் நிமிர்த்திவிடுவார் என்று யாரோ சொல்ல, மனிதர் புதுமாப்பிள்ளை போல வெளிக்கிட்டுவிட்டார்.

காலை பத்து மணி பஸ். கல்முனைக்கு ஏறத்தாழ ஆறு கட்டை, அதாவது ஆறு மைல். சரியான சனம், அவர் மிதிபலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். கல்முனையில் இறங்கி, தார் உருகும் வெயிலில் வாடகைக் கார் பேசிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன், அவருடைய இடது காலில் செருப்பு இல்லை. பஸ்ஸோடு போய்விட்டது. ஒற்றைச் செருப்பு மாப்பிள்ளை என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். சந்தையில் புதுச் சோடி வாங்கிக் கொடுத்து, தண்ணீருக்குக் குறுக்கே போட்ட கிட்டங்கித் தாம்போதி வழியாகக் காரில் போனோம். பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவர் எங்களை முன்கூட்டியே எச்சரித்தார், நல்ல மனிதர்.

பரியாரியார் நரைத்த தலை, அகன்ற உள்ளங்கை. வாங்குப் பலகையில் குப்புறப் படுக்கச் சொன்னார். கால் விறைக்கிறதா, பலம் குறைந்திருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று இவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பரியாரியார் எண்ணெயைக் கையில் ஊற்றினார். எனக்கு அப்போதுதான் அந்தத் தார் ரோட்டு ஞாபகம் வந்தது. நான் செருப்போடு நின்றே சூடு தாங்கவில்லை. இவர் வெறுங்காலை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றாரே!

"பரியாரியார், கை வெக்காதீங்க. பஸ்ஸில இவருட செருப்புக் கழண்டு விழுந்ததும் இவருக்குத் தெரியா, தார் சுட்டதும் தெரியா."

"பேசாம இரி புள்ள" என்றார் இவர், வாங்கில் கிடந்தபடியே.

பரியாரியார் அவரை எழுப்பிக் குதிக்காலில் நடக்கவிட்டார். இடது பாதம் தொங்கியது. கையைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, இது நான் முறிக்கிற முதுகில்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கை வைக்காததால் நாங்கள் காணிக்கையாகக் கொண்டுபோன வெற்றிலையையும் அவர் வாங்கவில்லை. திரும்பும் வழியில் கணவர் வீட்டுக்கே போவோம் என்றார். நான் விடவில்லை, கார் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. நரம்பு நசிந்திருக்கிறது, முறுக்கியிருந்தால் கால் போயிருக்கலாம் என்றார் டொக்டர். இவர் பயந்தபடியே படுக்கப் போட்டார்கள். அந்த மாரிக்கு என் காக்காதான், என் அண்ணன்தான், எங்கள் மெஷினை ஓட்டினார்.

ஆகவே, வாசகியே, சாதாரண இடுப்புவலி, நீங்கள் நடமாடிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் சில வாரத்தில் தானே குறையும். பயிற்சி பெற்றவர் கையால் செய்தால் சிலருக்குச் சுகமும் கிடைக்கும். அவர் எங்கே படித்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் கால் விறைத்தால், பாதம் சோர்ந்தால், விழுந்து அடிபட்டிருந்தால், காய்ச்சலும் சேர்ந்தால் முதலில் டொக்டரிடம் போங்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்தாலோ ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். சொல்லாத ஆளாக இருந்தால் சொல்லக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இவர் படுக்கையை விட்டு எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள், வீட்டு வளவுக்குள்ளிருந்து வலியில் "உம்மா" என்று கத்தினார். ஓடிப்போனேன். நெருஞ்சி முள் குத்திவிட்டதாம். எந்தக் கால் என்று கேட்டேன்.

"இடது கால், புள்ள."

முள்ளை எடுக்கக் குனிந்தவள், அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.