ஓரம் மங்குற டிவி

டிவி விக்கிற கடையில நிக்கிறவளுக்கு நாள் முழுக்கப் படம் பார்க்கிற வேலைதானேன்னு பொறாமைப்படுறவங்க ஒரே ஒரு நாள் ஈப்போவுக்கு வந்து என் இடத்துல நின்னு பாருங்க. சுவரு பூரா டிவி, எல்லாத்துலயும் வெளிச்சம் உச்சத்துல. சாயங்காலம் வீட்டுக்குப் போனா, என் வீட்டு டிவிய நான் ஏறெடுத்தும் பார்க்கிறதில்ல. என்னை மாதிரி கண்ணைக் கசக்கிக்கிட்டே சிரிச்சு வியாபாரம் பண்றவங்களுக்கு இது புரியும்.

பளிச்சுன்னு வேணும்

புந்தோங்ல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. "கண்ணு எரியாத டிவியா குடும்மா"ன்னு கேட்டுட்டு, இருக்கிறதுலயே கண்ணைப் பறிக்கிற ஒண்ணைத் தூக்கிட்டுப் போனாங்க. மறுவாரமே போன். கண்ணுல தண்ணியா ஊத்துதாம்.

வீட்டுக்கே போனேன். விளக்கை எல்லாம் அணைச்சிட்டு, கும்மிருட்டுல தியேட்டர் மாதிரி உக்காந்திருந்தாங்க. விளக்கைப் போட்டேன், ரிமோட்டை வாங்கி வெளிச்சத்தைப் பாதியாக் குறைச்சேன். இப்ப கண்ணுக்கு இதமா இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னாங்க. ஆனா முகத்துல சந்தோஷமே இல்ல. "குறைச்சு வச்சுப் பார்க்கிறதுக்கா இவ்ளோ காசு கொடுத்து வாங்கினேன்?"

எல்லாம் ஒரே பக்கம்

கணேசன் அண்ணே சுங்கை சிப்புட்டுக்காரரு. ஃபேக்டரி ஆளுங்களை ஏத்தி இறக்குற பஸ் டிரைவர். என் தங்கச்சியும் அந்தப் பஸ்ஸுலதான் வேலைக்குப் போறா. அவ சொல்லித்தான் எங்க கடைக்கு வந்தாரு. வாங்கின டிவியில இடது ஓரம் மங்குதுன்னு ஒரு தடவை மாத்திட்டாரு. புதுசும் அப்படியேதான் இருக்குன்னு திரும்ப வந்து நின்னாரு.

"இன்னும் பெருசாக் காட்டு"ன்னு எங்க கடை முதலாளி தவுக்கே எனக்குக் கண்ணைக் காட்டினாரு. காட்டினேன். அண்ணே முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிப் பார்த்துட்டு, "இதுவும் மங்குது"ன்னாரு. அடுத்ததைக் காட்டினேன். அதே திருப்பல், அதே பதில். அதுக்கடுத்ததும் அப்படியே. "அண்ணே, இத்தனை டிவியும் ஒரே பக்கமா மங்கும்? முதல்ல கண் டாக்டரைப் பாருங்க"ன்னேன்.

கடைசி டிவியோட இடது ஓரத்தை விரலால தடவிப் பார்த்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு: "டாக்டர்கிட்ட போனா லைசென்ஸ் போயிரும்லா. டிவிதான் கோளாறுன்னு யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்னு வந்தேன்."

விக்க மாட்டேன்

பாவமா இருந்துச்சு. ஆனா காலையில பஸ்ஸேறப் போற தங்கச்சி முகம்தான் கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. "டாக்டரைப் பார்த்துட்டு வாங்க, அதுவரைக்கும் டிவி மாத்தியும் தர மாட்டேன், புதுசா விக்கவும் மாட்டேன். பஸ்ஸும் எடுக்காதீங்க. எடுத்தா நானே உங்க ஆபீசுக்குப் போன் போடுவேன்"னு சொல்லிட்டேன். தவுக்கே என்னை முறைச்சாரு.

அண்ணே முகம் சிவந்து போச்சு. கத்துவாருன்னு நினைச்சேன், கத்தல. கதவுகிட்டப் போனவரு திரும்பிப் பார்த்து ஒண்ணு கேட்டாரு. நெஞ்சுல முள்ளாத் தைச்சிருச்சு. "உன் தங்கச்சிய இத்தனை வருஷமா யாரும்மா பத்திரமாக் கொண்டு போய் விட்டது?"

சோபாவுல இடது பக்கம்

மறுநாள் பஸ்ஸுல புது டிரைவர்னு தங்கச்சி சொன்னா. நான் போன் போடவே இல்ல, அண்ணே அவராவே வண்டிய விட்டுட்டாரு. நிம்மதியும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ஒருத்தர் பொழப்புல மண்ணைப் போட்டுட்டோமேன்னு ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

போன வாரம் அண்ணே கடைக்கு வந்தாரு, சம்சாரம் ஓட்டின மோட்டார் சைக்கிள்ல பின்னாடி உக்காந்து. போன பார்வை திரும்பாதாம், சொட்டு மருந்து போட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்ப அதே கம்பெனியில பஸ் கழுவுற வேலையாம், சம்பளம் கம்மிதான். வாய் தவறி, "டிவி மாத்தணுமாண்ணே?"ன்னு கேட்டுத் தொலைச்சேன்.

அவரு சிரிச்சிட்டாரு. "அதே டிவிதான்மா, ஒண்ணும் மாத்தல. சோபாவுல இடது பக்கம் இவ உக்காந்துக்கிட்டு, அந்த ஓரத்துல யாரு வர்றா, யாரு போறான்னு சொல்லிக்கிட்டே இருக்கா. வாயை மூடுன்னு சொல்லக்கூட முடியலலா."

கண்ணுக்கு நோகாத டிவின்னு சொல்லிச் சொல்லி இத்தனை வருஷம் வித்திருக்கேன், வாங்கினவங்க திரும்ப வந்து சிரிச்ச ஒரே வியாபாரம் நான் விக்க மாட்டேன்னு சொன்னதுதான்.