பஸ் ஏறாத ஆள்

ஊரடங்கு தொடங்கிய பிறகு எனக்கு ஒருமுறை முடி வெட்டிவிட்டது என் மனைவிதான். மீனுக்குச் செட்டை நறுக்கும் கத்தரிக்கோலைக் கழுவி எடுத்துவந்து வெட்டினாள். பின்பக்கம் ஏணிப்படி மாதிரி வந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் பறந்த துண்டு முடி அவள் மூக்கில் ஏறிவிட்டது. மதியம் தொடங்கிய இருமல் மறுநாளும் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று இருமினாள். அன்றோடு அந்தக் கத்தரிக்கோல் மீனுக்கு மட்டும் என்று ஆனது.

அவளுக்குச் சின்ன வயதில் காசநோய் வந்து குணமானது. குணமானாலும் ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டியிருக்கிறார். கொரோனா வந்த சமயத்தில் மாத்திரை வாங்கப் போனபோது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவங்களுக்கு வந்தா தாங்க மாட்டாங்க. இந்தத் தீவுல வசதி பத்தாது, கடல் தாண்டி மெயின்லாண்டுக்கு அனுப்பலாம்னா இப்ப அதுக்கும் வழியில்ல. வராமப் பாத்துக்கங்க," என்றார். அதன்பிறகு எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருகிற எதையும் நான் நம்பவில்லை. பால் பாக்கெட், முருங்கைக்கீரை, எரிவாயு சிலிண்டர், என் சொந்தச் செருப்பு, எல்லாமே சந்தேகம்தான்.

எங்கள் வீடு விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் இருக்கிறது. விமானம் இறங்கினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் காதிலேயே விழாது. அந்த நாட்களில் எப்போதாவது ஒன்று வந்தால் தெருவே வெளியில் வந்து மேலே பார்க்கும். யார் வந்திருப்பார்கள், எங்கே தங்குவார்கள், எந்தக் கடைக்கு வருவார்கள் என்று ஒவ்வொருவர் முகத்திலும் ஓடும். பெட்டியோடு நடந்து போகிறவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவோம்.

நான் குட்வில் எஸ்டேட்டில் ஒரு மெஸ்ஸில் காய் வெட்டி, சாதம் வடிக்கிறவன். மெஸ் பல மாதம் மூடிக்கிடந்தது. ஒருநாள் முதலாளி போன் செய்தார்.

"அடுத்த வாரம் திறக்கிறோம். பார்சல் மட்டும்தான். முடி, தாடி எல்லாம் ஒழுங்கா இருக்கணும். சமையல்கட்டுல சாமியார் மாதிரி நிக்கிற ஆளு எனக்கு வேணாம்."

அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை. வேலைக்குப் போக முடி வெட்ட வேண்டும்; முடி வெட்டப் போய் நோயைக் கொண்டுவந்தால் அவள் போய்விடுவாள். இதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. தாடியை நானே மழித்துவிட்டேன். தலைக்கு என்ன செய்வது?

எங்கள் பக்கத்தில் அப்போது திறந்திருந்தது ஒரே ஒரு சலூன். பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வெட்டுகிறவர் என்னைவிட இளையவர், தமிழ்க்காரர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் பேச்சில் பாதி ஹிந்தி கலந்திருக்கும். இன்னொருவராக இருந்தால் நேரே போய், "துணியை மாத்துறீங்களா? கத்தரிக்கோலைக் கழுவுறீங்களா?" என்று கேட்டிருப்பார். எனக்கு அது வராது. தெரியாத ஆளிடம் விலைகூடக் கேட்க மாட்டேன். அதனால் கேட்காமலே பார்த்துத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். காலையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு போய் பஸ் ஸ்டாப் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் பார்த்தது பயமாக இருந்தது. அவருடைய முகக்கவசம் தாடையில் தொங்கியது. ஒருவர் கழுத்தில் போர்த்திய துணியைத் தெருவில் ஒரு உதறு உதறி அடுத்தவர் கழுத்தில் கட்டினார். போதாததற்கு மூலையில் நீல நிறத்தில் ஒரு பெரிய பெட்டி. அதன் கைப்பிடியில் விமானத்தில் ஒட்டும் வெள்ளைத் தாள் பாதி கிழிந்து ஆடிக்கொண்டிருந்தது. அப்படியானால் மெயின்லாண்டிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள். இவரேதானோ? எப்போது வந்தார்? ஒதுங்கி இருந்தாரா, இல்லை நேரே வந்து கத்தரிக்கோலைப் பிடித்துவிட்டாரா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

அவள் பெற்றோர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. "பெட்டியப் பாத்து என்னத்துக்குப் பயப்படுதிய? பெட்டியா இருமும்?" என்றாள்.

"பெட்டி நடந்தா வந்துச்சு?"

"அப்ப போயிக் கேளுங்க."

"நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அன்று அவர் முகக்கவசம் மூக்குக்கு மேல் இருந்தது. ஒருவர் எழுந்ததும் நாற்காலியில் மருந்து அடித்துத் துடைத்தார். துணியை மாற்றினார். கத்தரிக்கோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார். காத்திருக்கிறவர்களை வெளியில் தள்ளித் தள்ளி உட்காரவைத்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஆஸ்பத்திரிகூட இவ்வளவு சுத்தமாக இருக்காது. முதல் நாள் ஏதோ அவசரத்தில் அப்படி இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நீலப் பெட்டி மட்டும் மனதை அரித்தது.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. அவர் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் வெட்டுவார். அவருக்கு எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது என்றால் என் முகமும் அவருக்குத் தெரிந்திருக்கும் அல்லவா?

மெஸ் திறக்கும் நாள் நெருங்கியது. கடை திறக்கும் நேரத்துக்கே போய் வாசலில் நின்றேன்.

"ஆயியே ஸார், ஆயியே!" என்று வரவேற்றபடி அவர் ஓடி வந்தார். என் கையில் சானிடைசர் ஊற்றினார். நாற்காலியை இரண்டு தடவை துடைத்தார். கழுத்தைச் சுற்றிப் புதுத்தாள் வைத்து அதன்மேல் துணியைக் கட்டினார். என்னை யாரும் ஸார் என்று கூப்பிட்டதில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இவ்வளவு மரியாதை எதற்கு? எதையாவது மறைக்கிறாரா? கண்ணாடி வழியாக மூலையைப் பார்த்தேன். பெட்டி அங்கேயேதான் இருந்தது. மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் வரும்போது அவர் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டெய்லி இப்படித்தான் ஸார் செய்யறோம். நீங்களே பாத்தீங்கல்ல. மேல கொஞ்சம் நல்லபடியா சொல்லிடுங்க."

"எங்க மேல?"

"ஹெல்த் ஆபீஸ்லதான். செக்கிங்குக்கு அனுப்பினாங்கல்ல உங்கள."

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நான் ஆபீஸ் ஆளு இல்ல. மெஸ்ஸுல காய் வெட்டுறவன்."

கத்தரிக்கோல் நின்றது.

"அப்ப இந்தக் காக்கி பேண்டு?"

"மெஸ்ஸுல குடுத்தது."

"பாக்கெட்ல பேனா?"

"சரக்கு வந்தா மூட்டை மேல எழுதுறதுக்கு."

"பஸ் ஸ்டாப்ல உக்காந்து எங்க கடையவே பாத்துக்கிட்டிருந்தீங்க. பஸ் வந்தா ஏறல. கண்டக்டர் கூப்பிட்டாலும் ஏறல. காக்கி பேண்டு, பேனா, பஸ் ஏறாத ஆளு. நாங்க என்னன்னு நெனைக்கிறது?" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, என் காதுக்குப் பக்கத்திலேயே வாய்விட்டுச் சிரித்தார். "அரே பாப் ரே! உங்களுக்குப் பயந்து ஒரு கேன் சானிடைசர காலி பண்ணிட்டேனே அண்ணே!"

நான் எழுந்து வெளியே ஓடினேன். கழுத்தில் துணியோடு தெருவைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் போய் நின்ற பிறகுதான் மூச்சு விட்டேன். நான் பார்த்த சுத்தமெல்லாம் நான் பார்த்ததால் வந்த சுத்தம். நான் இல்லாத நேரத்தில் அந்த நாற்காலியில் யார் யார் உட்கார்ந்தார்களோ, அந்தத் துணி யார் யார் கழுத்தில் கிடந்ததோ. அந்தச் சிரிப்பின் காற்று இன்னும் காதில் சூடாக இருந்தது.

வாசலில் காத்திருந்த ஆட்டோக்காரர் என் தலையைப் பார்த்துச் சத்தம் போட்டார். "என்ன அண்ணே, ஒரு சைடு லாக்டவுன், ஒரு சைடு ரிலாக்சேஷனா?"

சலூன்காரர் கத்தரிக்கோலோடு பின்னாலேயே வந்தார். "கியா ஹுவா, என்ன ஆச்சு அண்ணே? பாதித் தலையோட எங்க போறீங்க?"

"கிட்ட வராதீங்க. மாஸ்க்க மேல ஏத்துங்க."

அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் ஏற்றிக்கொண்டார். பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. மனைவியின் நுரையீரல், டாக்டர் சொன்னது, மீன் கத்தரிக்கோல், மெஸ் திறக்கப் போவது என்று எல்லாவற்றையும் தெருவில் நின்றுகொண்டு சொன்னேன். ஆட்டோக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"இத மொதல்லயே வந்து கேட்டிருக்கலாமே," என்றார் சலூன்காரர்.

"கேக்க வரல."

அவர் கத்தரிக்கோலைத் தாழ்த்திக்கொண்டார். "சச், நெசத்தச் சொல்லவா அண்ணே? நீங்க அந்தாண்ட போனா நான் துணி மாத்துறதில்ல. மழையில துணி எங்க காயுது? சாயங்காலம் மொத்தமாத் தொவைக்கிறதுதான். ஆனா இன்னிக்கு நீங்கதான் மொத ஆளு. உங்க கழுத்துல கெடக்கிறது நேத்து கொதிக்கவெச்ச துணி. நம்பினா நம்புங்க."

"அந்த நீலப் பெட்டி?"

"எந்தப் பெட்டி? ஓ, அதுவா. அது என் மச்சானோடது. லாக்டவுனுக்கு முன்னாடியே வந்துட்டான். துண்டு வெச்சிருக்கேன் அதுல."

சொல்வதற்கு முன் அவர் ஆட்டோக்காரரை, போட்டுக்கொடுத்துவிடாதே என்பது போல, ஒரு பார்வை பார்த்தார் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அதை நினைத்துப் பார்க்கிறேன். பார்த்தாரா, அல்லது நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

அவர் பங்குக்கு அவரும் கேட்டார். "உங்க மெஸ்ல யாரு அண்ணே சாப்பிடுவாங்க? கப்பல்ல வர்றவங்களா?"

"இன்னும் திறக்கல."

"திறந்தா?"

"பார்சல் மட்டும்தான்."

"பார்சல யாரு வாங்குவாங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் அந்தப் பெட்டியைப் பார்த்த அதே பார்வை. அந்த நேரம் பார்த்து மேலே ஒரு விமானம் தாழ்வாக வந்தது. மூன்று பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம்.

"உள்ள வரவேணாம். இங்கயே உக்காருங்க," என்றார் அவர். போய்க் கத்தரிக்கோலை மறுபடி கொதிநீரில் போட்டு எடுத்துவந்தார். இந்தத் தடவை யாருக்கும் பயந்து அல்ல. நான் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் கையை நீட்டி, முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு வெட்டினார். கடல் பக்கமிருந்து வந்த காற்று முடியைத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டது. நடுவில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஆஜ் பீ நஹீ?" என்று கேட்டார். இன்றைக்கும் ஏறவில்லையா என்று. சலூன்காரர்தான் கையை ஆட்டி அனுப்பிவைத்தார்.

வீட்டுக்குப் போனதும் உள்ளே போகவில்லை. பின்பக்கக் குழாயில் குளித்தேன். துணிகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். விறகு போடுகிற தகரக் கொட்டகையில் பாய் விரித்துக்கொண்டேன். அவள் தட்டில் சோற்றைப் போட்டுப் படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஜன்னல் வழியாகப் பேசுவாள்.

"எத்தனை நாளைக்கு இப்படிக் கோழி மாதிரி வெளிய அடையப் போறிய?"

"இருக்கட்டும்."

"முடி நல்லாத்தான் வெட்டிருக்கான். என்னயவிட நல்லா வெட்டிட்டான்."

மெஸ் திறந்தது. வேலைக்குப் போய் வந்து கொட்டகையிலேயே படுத்தேன். தொண்டையில் லேசாக உறுத்தினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எச்சில் விழுங்கிப் பார்ப்பேன். நெற்றியைத் தொட்டால் கை சூடா, நெற்றி சூடா என்று தெரியாது.

பிறகு ஒரு காலையில் உள்ளேயிருந்து அவள் இருமினாள். ஒன்று, பிறகு தொடர்ந்து. நான் பாயிலிருந்து எழவில்லை. கொட்டகையில் இருந்து பயன் என்ன, நோய் தட்டில் போயிருக்கும், குழாயில் போயிருக்கும், படியில் போயிருக்கும் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. அந்த நீலப் பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அடுக்களை ஜன்னல் திறந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"வத்தல் வறுத்தேன், கருகிட்டு. மூஞ்சிய அப்படி வைக்காதிய."

நான் நம்பவில்லை. எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஜன்னலுக்குக் கீழே போய் நின்று மூச்சை இழுத்தேன். கருகிய மிளகாய் வற்றல் நெடி மூக்கில் ஏறி நானும் இருமினேன். அந்த நோய் வந்தால் வாசனையே தெரியாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் மாறி மாறி இருமிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் கதவைப் படீரென்று சாத்திய சத்தம் கேட்டது.

அவள் நன்றாக இருக்கிறாள். மழைக்காலத்தில் இருமல் வரும், போகும். நான் இன்னும் அதே சலூனுக்குத்தான் போகிறேன். "அண்ணி எப்படி இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் மடித்த துணி ஒன்றைப் பிரித்து என் எதிரில் உதறிக் காட்டுவார். அந்த நீலப் பெட்டி இன்னும் மூலையில் இருக்கிறது. அதைத் திறந்து துண்டு எடுப்பதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை; கேட்டதும் இல்லை. இப்போதும் உள்ளே போவதற்கு முன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பஸ்ஸைப் போகவிட்டுத்தான் போகிறேன்.