எரியாத கடிதத்துக்காக ஏழாயிரம்பண்ணை வரை

பொங்கல் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை. வீட்டில் காலை நீட்டிக் கிடக்க வேண்டியவள், காலை எட்டரைக்கு மதுரை மாட்டுத்தாவணியில் விருதுநகர் பேருந்துக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தேன். எதற்கு? மேடையில் ஒரு கடிதத்தை எரிக்கவைப்பதற்கு. சிரிக்காதீர்கள், முழுதாகப் படியுங்கள்.

கல்லூரியில் இருபது வருஷமாகப் பழைய ஆங்கில நாடகங்கள் நடத்துகிறேன். அதில் ஒன்றைத் தமிழில் பெயர்த்து வைத்திருந்தேன். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் பின்னூட்டத்தில் அதைப் பற்றியே சண்டை போடுவீர்கள். கதை இதுதான்: ஒரு சீமான் ஆற்றுப்பாலம் கட்டுகிறார். தூண் தாங்காது என்று மேஸ்திரி எழுதிய கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொள்கிறார். பாலம் விழுந்து வேலையாட்கள் சாகிறார்கள். அந்தக் காலத்து நாடக வழக்கப்படி, சீமான் தன் குற்றத்தைப் பார்வையாளர்களிடம் மட்டும் புலம்பிவிட்டுச் செத்துப்போகிறார். கடிதம் வீட்டு வேலைக்காரியிடம் கிடைக்கிறது. சீமானின் மகள்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று அவள் அதைக் குளிர்காயும் கணப்பில் போட்டு எரிக்கிறாள். திரை விழுகிறது.

உண்மை பெரிதா, விசுவாசம் பெரிதா? அந்த ஒரு நெருப்பில்தான் நாடகத்தின் அறமே இருக்கிறது என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். செத்தவன் திரும்பி வரப்போவதில்லை, இருப்பவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும் என்கிற கருணை அது, என் கட்சி அதுதான்.

எப்படியோ என் பிரதி ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு ஆலைக்குப் போகிற பெண்கள் சிலர் கையில் கிடைத்து, சனிக்கிழமை மேடையேற்ற ஒத்திகையும் முடித்துவிட்டார்கள். வியாழக்கிழமை வேலைக்காரியாக நடிக்கும் முத்துமாரி போன் செய்தாள். "டீச்சர், எல்லாம் பாடமாயிருச்சு. எரிக்கிறது மட்டும் வேண்டாம்னு வச்சிருக்கோம்." எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

விருதுநகர் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஒன்பதே முக்காலுக்கு இறங்கினேன். அங்கிருந்து சிவகாசி முக்கால் மணி நேரம் என்று எவரும் சொல்வார்கள், நம்பாதீர்கள். திருத்தங்கல்லில் ரயில்வே கேட்டில் ஒரு இருபது நிமிஷம், அப்புறம் அச்சாபீசுக்குப் பேப்பர் லோடு இறக்கும் லாரிக்குப் பின்னால் இன்னொரு இருபது நிமிஷம். சிவகாசியில் சாப்பாடு நூற்றுப் பத்து ரூபாய், ரசம் மட்டும் நன்றாக இருந்தது. பெட்டிக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிப் பையில் போட்டேன். என் கையாலேயே கொடுத்து எரிக்கச் சொல்வது என்று முடிவு.

"ஏழாயிரம்பண்ணை பஸ் எப்பங்க?" என்று ஒரு நடத்துநரிடம் கேட்டேன்.

"வரும்க்கா."

"எப்ப வரும்?"

"வரும்போது வரும். அங்கன நிழல்ல நில்லுங்க."

நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கிற ஊரில் ஒரு பஸ்ஸுக்கு நேரம் தெரியவில்லை! ஒன்றேகாலுக்கு வர வேண்டியது இரண்டுக்கு வந்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ், அந்த ஒரு ஆறுதல்தான். இருபது கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு மணி நேரம் குலுக்கி எடுத்து மூன்று பத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

சமுதாயக் கூடத்து வாசலிலேயே ஒரு அம்மாள் மறித்தாள். "தீப்பெட்டி, லைட்டர் இருந்தா குடுத்துட்டுப் போங்க." நான் நாடகத்தை எழுதியவள் என்றேன். "யாரா இருந்தாலும் சரிதான்" என்று பையில் கையை விட்டுத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே முத்துமாரி நின்றிருந்தாள், முப்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி.

"ஒரே ஒரு குச்சிம்மா, அதுவும் தகர டப்பாவுக்குள்ள" என்றேன்.

"டீச்சர், நாலு மணிக்கு வேன்ல வந்து இறங்குறவுக எல்லாம் கம்பெனியில இருந்து நேரா வாராக. சேலை, தலைமுடி அம்புட்டும் வெடிமருந்து. இதுக்குள்ள நான் குச்சி கிழிக்கவா?"

ஆனாலும் விடுவேனா? "சரி, கடிதத்தைக் கிழிச்சுப் போடு."

"கிழிச்சாலும் யாராச்சும் ஒட்டிருவாக. நான் பாத்துக்கிடுதேன், நீங்க போய் உக்காருங்க."

இருபது வருஷப் பாடத்தை இவள் பார்த்துக்கொள்வாளாம்! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். நாலே காலுக்குக் கூடம் நிறைந்துவிட்டது. சீமான் புலம்பும் இடத்தில் நான் உருகி உருகி எழுதிய வசனத்துக்கு, "இப்ப அழுது என்னத்துக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது. எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

கடைசிக் காட்சி. முத்துமாரி கடிதத்தோடு அட்டைக் கணப்பின் முன் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் இருந்த ஆலை போர்மேன் கையில் கடிதத்தைக் கொடுத்தாள். அவர் படித்தார். மறுபடி படித்தார். பக்கத்து ஆளிடம் நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கடிதம் கை மாறி மாறி என் பக்கத்து அம்மாளிடம் வந்தது.

"எனக்கு எழுத்து வராது. நீங்க வாசிங்க டீச்சர், சத்தமா."

மூலத்தில் அந்தக் கடிதத்தை யாரும் வாசிப்பதில்லை. என் மொழிபெயர்ப்பிலும் இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. எழுந்து நின்று வாசித்தேன்.

"ஐயா, மூணாவது தூணு தாங்காது. முந்தாநாளும் சொன்னேன், நேத்தும் சொன்னேன். இன்னைக்கு ஆளு இறக்காதீக. என் மகளும் அங்கனதான் வேலை பாக்குறா."

அந்த அம்மாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அன்னைக்கு ஆளு இறக்கினாகளா?"

"இறக்கினாங்கம்மா."

யாரும் கை தட்டவில்லை. வேன்காரர் வாசலில் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தார்கள்.

கடிதத்தை எழுதியது யார் என்று முத்துமாரியிடம் கேட்டேன். "நாந்தான். கடுதாசின்னா உள்ள ஏதாச்சும் எழுதியிருக்கணும்ல?" என்றாள். இருபது வருஷத்தில் என் மாணவர்கள் எவரும் அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. வேலைக்காரி எரித்தது சரியா, தவறா என்று மட்டும் பதினைந்து மதிப்பெண்ணுக்குக் கேள்வி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: சிவகாசியிலிருந்து ஒரு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். திரும்பி வர ஆறே காலுக்கு ஒரு பஸ் உண்டு, அன்று சரியான நேரத்துக்கு வந்தது. தீப்பெட்டி மட்டும் கொண்டுபோகாதீர்கள், வாசலில் வாங்கிவைத்துக்கொள்வார்கள். கிளம்பும்போது வாசலில் மறித்த அம்மாள் என்னுடையதை ஞாபகமாக நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.