மருதாயி அக்கா எச்சில் செய்த கோவா

அட்டன் கடைத்தெருவில் காசிம் நானாவின் மரக்கறிக் கடையில் போஞ்சி பொறுக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கந்தப்பளையிலிருந்து மரக்கறி ஏற்றிவந்த லொறிக்காரர் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு, எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்து மருதாயி அக்கா காய்ச்சலில் காலமாகிவிட்டதாகச் சொன்னார். நானா தராசை வைத்துவிட்டு, நான் உட்கார ஒரு பெட்டியை இழுத்துப் போட்டார். அழுகை வருமுன் எனக்குப் பயம் வந்தது. கடைசியில் நாங்கள் இருவர் மட்டும் காத்துவந்த ஒரு விஷயம் இனி என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. நானும் போய்விட்டால் அக்காவின் பெயர் கெட்டது கெட்டதாகவே கிடக்கும். அதனால் எழுதுகிறேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்லவேண்டியதில்லை. துரையின் நாய் தூரத்தில் குரைத்தாலே கொழுந்துக் கூடையோடு தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நிற்பார். இடிக்குப் பயம், அட்டைக்குப் பயம், கணக்கப்பிள்ளையின் இருமலுக்குக்கூடப் பயம். எல்லாவற்றுக்கும் மேலாக மாரியம்மனுக்குப் பயம். கோயில் இருக்கும் திசையில் கால் நீட்டமாட்டார்.

அந்தப் பயந்த கையைத்தான் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் காய் நறுக்கக் கூப்பிடுவோம். லீக்ஸைத் தண்ணீரில் முக்கி எடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மடல் மடலாகப் பிரித்து, உள்ளே ஒளிந்த மண்ணைக் கழுவுவார். பச்சை ஏறிய உருளைக்கிழங்கைத் தூர எறிவார். மருதாயி கழுவினால் லீக்ஸுக்கே சளி பிடித்துவிடும் என்று கேலி செய்வோம். "பயந்தவ கை சுத்தமா இருக்கும் தங்கச்சி" என்பார், தலையை நிமிர்த்தாமல்.

நான் சொல்லவந்தது ஒரு திருவிழாவைப் பற்றி. எங்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியிருந்த காலம் அது. பத்துச்சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே பேச்சை மாற்றிவிடுவோம். தோட்டத்தைவிட்டு விலக்கி அந்தச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் வேலையும் இல்லை, குடியிருக்க லயத்துக் காம்பராவும் இல்லை, போவதற்கு ஓர் ஊரும் இல்லை. தேயிலையில் கொப்புள நோய் கண்டு நீல மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோரில் அந்த மருந்துத்தூள் கொஞ்சம் காணாமல் போயிருந்தது. எடுத்தவன் அகப்பட்டால் குடும்பத்தோடு வெளியே என்று, வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே பயந்தோம்.

திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்திலிருந்தும் மரக்கறி வரும். எந்த வீட்டுக் காயையும் வேண்டாம் என்று ஒதுக்கக்கூடாது. சமைத்து ஆத்தாவுக்குப் படைத்தபிறகு முதல் பந்தி பிள்ளைகளுக்கு. நான் அப்போது பிள்ளை மடுவத்தில் ஆயா. மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை என்னிடம்தான் விட்டுச் செல்வார்கள். முதல் பந்தியில் உட்காரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான் பால் புகட்டியிருக்கிறேன்.

அன்று காலை கோயில் பந்தலில் முட்டைக்கோவா நறுக்கிக்கொண்டிருந்தோம். வெட்டிய கோவா பெரிய கூடை நிறைய மலைபோல் குவிந்திருந்தது. கடைசியாக ஒரு கோவா மிச்சம். அக்கா அதன் இலைகளைப் பிரித்தவர் சட்டென்று கையை நிறுத்தினார். உள்மடிப்புகளில் நீலத்தூள் அப்பியிருந்தது. மருந்து அடிக்கும் சுப்பையா வீட்டுக் கோவா அது. தேயிலையைக் காப்பாற்றுகிற மருந்து கோவாவையும் காப்பாற்றட்டும் என்று அந்த மனுஷன் ஸ்டோரில் எடுத்த தூளை அப்படியே தூவியிருக்கிறார். அவர் வீட்டிலிருந்து வந்த மற்றக் கோவாக்களை மற்றப் பெண்கள் ஏற்கெனவே நறுக்கிக் கூடையில் கலந்துவிட்டார்கள்.

கணக்கப்பிள்ளை நாலு எட்டுத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடலாம் என்று அக்காவின் காதில் கிசுகிசுத்தேன்.

"சொன்னா சுப்பையாவுக்குப் பத்துச்சீட்டு. அத்தன புள்ளைங்களயும் இழுத்துக்கிட்டு எங்க போவாங்க?"

"சொல்லலன்னா மடுவத்துப் புள்ளைங்க திங்கும்க்கா."

அக்கா மிச்சக் கோவாவை மடியில் மறைத்தார். சந்நிதியை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, எல்லாரும் பார்க்கக் கூடையிலிருந்து ஒரு கைப்பிடி கோவாவை அள்ளி வாயில் போட்டு மென்று, அந்தக் கூடையிலேயே துப்பினார்.

ஆத்தாவுக்குப் படைக்குமுன் எச்சில் பட்டால் அது மண்ணுக்குத்தான் என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூசாரி வாயில் வந்தபடி திட்டினார். அக்காவின் புருஷன் எல்லார் முன்னாலும் அவரை அறைந்தார். பசி தாங்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா தலைகுனிந்து நின்றார். குழி வெட்டிக் கூடையோடு புதைத்தார்கள். போஞ்சியும் கிழங்கும் வேறு கூடைகளில் இருந்ததால் படையல் நிற்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அக்கா லயத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். மருந்தா பயமா தெரியாமல், பொழுது சாயும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் தாலிமேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவர் என்னைச் சுப்பையாவிடம் அனுப்பினார். சுப்பையா இருந்த கோவாவை எல்லாம் பிடுங்கிப் புதைத்துவிட்டு, அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்படியே திரும்பிப் போனார்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. கொஞ்ச நாளில் அக்காவின் சின்ன மகளுக்கு அம்மை போட்டது. படையலை எச்சில் செய்தவளை ஆத்தா விடுவாளா என்று லயம் முழுக்கப் பேசியது. அக்கா அதை நம்பினார் என்பதுதான் கொடுமை. மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தாவுக்குத் தெரியும்ல தங்கச்சி? நா ஏன் துப்புனேன்னு தெரியும்ல?"

தெரியும் அக்கா என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? பயத்தில் சொன்னேன். பிள்ளை பிழைத்தது. ஆனால் கோயில் காயை அக்கா தொட அதன்பிறகு யாரும் விடவில்லை. திருவிழா வரும்போதெல்லாம் வேலிக்கு வெளியே நின்று, லீக்ஸை நல்லாப் பிரிச்சுக் கழுவச் சொல்லு என்று என்னிடம் சொல்லி அனுப்புவார்.

சுப்பையா போன வருஷம் இறந்துவிட்டார். இனி யாருக்கும் பத்துச்சீட்டு கிடைக்காது. அவரோ கடைசிவரை வாய் திறக்கவில்லை. அக்காவைப் பசி அடக்கத் தெரியாதவள், ஆத்தா சோற்றைக் கெடுத்தவள் என்று பேசியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அன்று முதல் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகள் இன்று மலையில் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பயம். செய்தி கேட்ட அன்றும் நானா கடையில் ஒரு கோவா வாங்கிவந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தன. ஆனாலும் ஒவ்வொன்றையும் மறுபடி கழுவினேன். தெரியும் அக்கா என்று சத்தமாகவே சொன்னேன்.